கூண்டில் குறை இல்லை

ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். நான் திரும்ப உள்ளே போகவே இல்லை. வெளியே நின்றவன் என்னென்ன செய்தான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இறங்கிய ஃபைபர் படகுகளில் பாதி என் கை பட்டவை. படித்த இன்ஜினீயர்கள் கட்டிக் கட்டி ஒழுகவிட்ட அமிலத் தொட்டியை நான் ஒரே தடவையில் ஒழுகாமல் கட்டினேன். சோரியாங்குப்பத்தில், என் அப்பன் அடுத்தவனுக்கு நாற்று நட்ட வயலைப் பார்த்த மாதிரி, மாடி வைத்து வீடு கட்டினேன். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தின் அடிப்பாகத்தில் இருக்கும் கடலில் இரும்பு எவ்வளவு என்று அளப்பதற்காக, குண்டூசித் தலை அளவுகூட இரும்பு கலக்காத ஒரு கூண்டைச் செய்தேன். கேட்டவர்கள் எல்லாரும் முடியாது என்றார்கள். முடியாது என்று சொல்வதற்குத்தானே அவ்வளவு வருஷம் படிக்கவைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு விழா. நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கப்பலுக்கு வெளிநாட்டிலிருந்து டைட்டானியத்தில் புதுக் கூண்டு வந்திருக்கிறது. அதற்குப் பூமாலை, அதற்குக் கேமரா. ஓய்வு பெற்ற எங்களையும் வரவழைத்து, சால்வை போட்டு, மூன்றாம் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேடையில் ஓர் இளம் டாக்டர் ஏறினார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கடல் டாக்டர். திரையில் என் பழைய கூண்டின் படத்தைக் காட்டினார்.

"ஆரம்பத்துல லோக்கல் ஃபாப்ரிகேஷன்ல ஒரு டிஃபெக்ட். அதனால முதல் சாம்பிள்ஸ் எல்லாம் கெட்டுப்போச்சு. அப்படியிருந்தும் நம்ம சயின்டிஸ்ட்ஸ் சமாளிச்சாங்க."

கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் தட்டினார். அந்த லோக்கல் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பந்தியில் இப்போது கப்பல் மேல்தளமான டெக்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "ஐயா, அன்னிக்கி இன்னாதான் ஆச்சு?" என்று கேட்டார்கள். இலையில் சோறு இருந்ததால் அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

கடலில் எதற்கு இரும்பு என்று சிரிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று. ஏம்பலத்தில் என் மச்சான் கரும்பு போட்டிருக்கிறான். ஒரு வருஷம் தோகையெல்லாம் வெளுத்துப்போனது. யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டினான். பயிர் அவனைப் பார்த்து இன்னும் வெளுத்தது. பிறகு யாரோ சொல்லி, அன்னபேதி உப்பு வாங்கிக் கரைத்துத் தெளித்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு, வேறொன்றும் இல்லை. தோகை பச்சை பிடித்தது. தென்கோடிக் கடலும் மச்சான் கரும்பு மாதிரிதான். மற்ற சத்தெல்லாம் அங்கே கொட்டிக் கிடக்கும். இரும்பு மட்டும் இருக்காது. அதனால் தண்ணீரில் நுண்பாசி வளராது. பாசி இல்லாத இடத்தில் பூச்சி இல்லை, பூச்சி இல்லாத இடத்தில் மீன் இல்லை, மீன் இல்லாத இடத்தில் பறவைக்கு என்ன வேலை? நீலமாக, பார்க்க அழகாக, பட்டினி கிடக்கும் கடல் அது.

அதன் நடுவே ஒரு தீவு வந்தால் கதை மாறும். பாறை கரைவதும், பனியாறு அரைத்துத் தள்ளும் மாவு மாதிரியான மண்ணும், தீவைச் சுற்றித் தண்ணீருக்கடியில் கிடக்கும் மேடும் தாமாகவே இரும்பைக் கசியவிடும். நீரோட்டம் தீவைத் தாண்டிப் போகும் பக்கத்தில் கடல் பச்சையாகிவிடும். யாரும் தெளிக்காத அன்னபேதி. இப்போது சிலர் கப்பல் கப்பலாக இரும்பைக் கொட்டிக் கடலைப் பச்சையாக்கி உலகத்தைக் குளிரவைக்கப் போவதாகப் பேசுகிறார்கள். மச்சான் யூரியா கொட்டின அழகில்தான் கொட்டுவார்கள். தீவு எப்படிக் கொடுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது என்று முதலில் அளக்க வேண்டாமா? அதை அளக்கத்தான் நாங்கள் போனோம்.

அளப்பதில்தான் சிக்கல். கப்பலே இரும்பு. இரும்புக் கப்பலில் நின்றுகொண்டு இரும்பில்லாத தண்ணீரை மொண்டு வருவது, சாம்பார் அண்டாவுக்குள் நின்றுகொண்டு வெள்ளை வேட்டி துவைக்கிற வேலை.

இந்த வேலைக்கு என்னைத் தேடி வந்தவர் மாலதி மேடம். அந்தப் பயணத்துக்கு அவர்தான் தலைமை விஞ்ஞானி. அப்போது எனக்கு வில்லியனூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. தொழில் கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அரியாங்குப்பத்தில் ஒரு படகுப் பட்டறையில் பிசின் நாற்றத்தில் சில வருஷம், திட்டு வாங்கியதில் சில வருஷம், அவ்வளவுதான். மேடம் கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படித்தவர்களில் அப்படி வந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் உட்காரச் சொன்னேன்.

"தனக்கோட்டி, எனக்கு ஒரு வட்டக் கூண்டு வேணும். அதைச் சுத்தி பாட்டில் மாட்டுவோம். கடலுக்குள்ள இறக்கினா, ஒவ்வொரு ஆழத்திலயும் ஒவ்வொரு பாட்டில் தானா மூடிக்கும். ஆனா கூண்டுல இரும்பு இருக்கக்கூடாது."

"ஆணி?"

"கூடாதுங்க."

"போல்ட்டு?"

"பிளாஸ்டிக்."

"கலர் அடிக்கலாமா?"

"சிவப்பு, மஞ்சள் பொடியில எல்லாம் இரும்பு இருக்கு. வேண்டாம்."

"அடியில கனத்துக்கு?"

"ஈயம். அதுவும் பிசின்ல முழுக்க மூடியிருக்கணும்."

அவர் போன பிறகு நான் கொட்டகையைக் கழுவினேன், காயவிட்டேன், மறுபடி கழுவினேன். தகரக் கூரைக்கு அடியில் பாலித்தீன் தாளில் இன்னொரு கூரை கட்டினேன். பிசின் கலக்க மூங்கில் குச்சி. இரும்பு வளையம் போட்ட பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு, பஞ்சால் தடவினேன். பக்கத்துக் கடை ரங்கன் வெல்டிங் போடுகிறவன். அவன் பொறி காற்றில் வரும் என்று அவனிடம் போய், கூண்டு முடியும்வரை தெருப் பக்கம் போய் வேலை செய் என்றேன்.

"இன்னாய்யா இது? உன் பொட்டி இன்னா மூலஸ்தானமா? என் நெருப்பு பட்டா தீட்டா?"

"ஆமா, தீட்டுதான். தள்ளிப் போ."

அந்தச் சொல்லை என் தெருக்காரர்கள் காதால் கேட்டே தேய்ந்தவர்கள். வாயால் இன்னொருவனுக்குச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. ரங்கன் முறைத்தான், திட்டினான், ஆனால் தள்ளிப் போனான்.

ஃபைபரும் பிசினுமாகக் கூண்டு முடிந்தது. பழுப்பு வெள்ளையில், எலும்புக்கூடு மாதிரி நின்றது. தட்டினால் மரம் மாதிரிச் சத்தம். அதைப் பார்த்துக்கொள்ள நானே கூட வரவேண்டும் என்று மேடம் எழுதிக் கேட்டு, என்னைக் கப்பலில் டெக் வேலைக்கு எடுத்தார்கள். கடலே பார்க்காத வயல்காட்டுத் தெருவிலிருந்து தென்கோடிக் கடலுக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் இன்னும் போகவில்லை.

கப்பலில் டெக் ஆட்களுக்குத் தலைவனைப் போசன் என்பார்கள். எங்கள் போசன் கலியமூர்த்தி, வீராம்பட்டினத்து மீனவக் குடும்பம். அவரைப் போல ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்க ஆசை இல்லை. ஓர் உத்தரவை இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். பாதி உத்தரவுகளை முதல் தடவையும் சொல்ல மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை இடது தோளுக்கு மாற்றினால் கயிற்றைத் தளர்த்து. வலது தோளுக்கு மாற்றினால் இழு. தலையில் கட்டிக்கொண்டால் அத்தனை பேரும் வாயை மூடு. பொத்தான் வைத்த எந்திரங்களை அவர் நம்ப மாட்டார்; அவற்றைத் தொடும்போது பாம்பைத் தொடுகிறவர் மாதிரி ஒரு விரலால் தொடுவார். மணிக்கட்டில் எப்போதும் மஞ்சள் நூல் கட்டியிருப்பார். என் கூண்டை முதலில் பார்த்தபோது சுற்றி வந்து, காலால் இல்லை, பார்வையாலேயே உதைத்தார்.

"இன்னாடா இது, கொலுவுல வெக்கிற பொம்மையா?"

"கடல்ல எறங்கப்போவுது போசனண்ணே."

"எறங்கும் எறங்கும். ஏறுமா?"

இவரைப் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுத எனக்கு உரிமை உண்டு. ஒரு நாள் பெரிய அலையில் இழுவைக் கயிறு துள்ளியது. நான் அதன் பாதையில் வாய் பிளந்து நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்துச் சாக்கு மூட்டையை இழுப்பது போல இழுத்துத் தள்ளியது. கயிறு என் தலை இருந்த இடத்தில் வீசிவிட்டுப் போனது. திரும்பிப் பார்த்தேன். போசன் துண்டை உதறிக்கொண்டிருந்தார். "வயக்காட்டுல நிக்கிற நெனப்புல நிக்காத," என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

நாங்கள் போன இடம் கெர்கேலன் என்கிற தீவு. அது இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருக்கிறது. எங்கள் ஊரை விட்டுப் போனவர்கள் அந்தக் குளிர்க் கல்லை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ருசி அப்படி. மேடத்தின் திட்டம் எளிது. தீவுக்கு முன்னால் நீலத் தண்ணீரில் மொள்ள வேண்டும். தீவைத் தாண்டிப் பச்சைத் தண்ணீரில் மொள்ள வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். நீலத் தண்ணீர்க் கணக்குச் சரியாக இல்லையென்றால், பச்சைத் தண்ணீரில் எத்தனை தடவை மொண்டாலும் வீண்.

கூண்டை இறக்கும் முறையைக் கேட்டால் உங்களுக்கு இது விஞ்ஞானமா மடி ஆசாரமா என்று சந்தேகம் வரும். மோதிரம், வாட்சு, பெல்ட்டு எல்லாம் கழற்ற வேண்டும். முழங்கைவரை பாலித்தீன் கையுறை. தலைக்கு உறை. பாட்டில்களுக்கும் தலைக்கு உறை. கடைசி நிமிஷத்தில்தான் கழற்ற வேண்டும். கப்பலின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்ப வேண்டும், புகை பின்னால் போவதற்காக. இரும்பு வடம் கிடையாது, நூல் கயிறு. அது ஓடும் கப்பியும் பிளாஸ்டிக். கூண்டு மேலே வந்ததும் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு பாலித்தீன் அறைக்குள் ஓட வேண்டும்.

நீலத் தண்ணீரில் முதல் தடவை இறக்கினோம். கப்பலிலேயே அளக்கும் எந்திரம் இருந்தது. மேடம் முடிவை இரண்டு தடவை பார்த்தார். இன்னொரு தடவை இறக்கச் சொன்னார். அந்த முடிவையும் முதல் முடிவோடு வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"தனக்கோட்டி, பட்டினிக் கடல்னு சொன்னேன்ல? இங்க பாருங்க, விருந்தே நடக்குது. அவ்வளவு இரும்பு."

"கடல்ல இருக்குமா மேடம்?"

"அதைத்தான் யோசிச்சேன். கடல்ல இருந்தா ஆழத்துக்கு ஆழம் மாறணும். இது ஆழத்தைப் பார்க்கல. கூண்டோட ஒரு பக்கத்துல இருக்கற பாட்டில்ல மட்டும் இருக்கு, மேல மூடினதோ கீழ மூடினதோ. கடல் பக்கம் பார்த்து இரும்பு போடாதுங்க."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த அம்மா கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில கப்பல் தீவுப் பக்கம் திரும்புது. கேப்டன் இன்னொரு நாள் தரமாட்டார். அதுக்குள்ள சரியாகலைன்னா இந்தக் கூண்டை ஓரங்கட்டிட்டு, இரும்பு அளக்கற வேலையையே விட்டுடறதைத் தவிர வழியில்லை," என்றார்.

உதவிக்கு வந்திருந்த மற்ற விஞ்ஞானிகள் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. "கொட்டகையில செஞ்சதுதானே" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே பொருள் காபி.

அன்று சாயங்காலம் கூண்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, மேடம் சொன்ன பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். ஈயக் கட்டி உட்கார்ந்திருக்கும் குழியின் அடியில் ஒரு சின்ன மேடு. நான் தடவிய பிசின் எனக்குத் தெரியாதா? இது வேறு ஆள் அப்பிய பசை. சுரண்டினேன். உள்ளே ஒரு துருப்பிடித்த லாட ஆணி. அதைச் சுற்றி மஞ்சள் நூல்.

ஆணியைப் பாலித்தீனில் பொத்தி எடுத்துக்கொண்டு கயிறு அறைக்குப் போனேன். போசன் தனியாக உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தார்.

"இது உன்னுதா அண்ணே?"

ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எவன்டா இத்த எடுக்கச் சொன்னான்?"

"இதாலதான் அந்தம்மா சோறு துன்னாம உக்காந்துக்கினு கீது. கூண்டுல இரும்பு இருக்கக்கூடாதுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டாங்களே!"

"அதுக்குதான்டா வெச்சேன். ஒரு பொட்டு இரும்பு இல்லாம ஒரு சாமான அந்தக் கசத்துல எறக்குவாங்களா? எங்க வூட்ல கறிக்கொழம்பு அடுத்த தெருவுக்குப் போனாக்கூட ஒரு ஆணியப் போட்டுத்தான் அனுப்புவோம். புள்ள பெத்தவ தலமாட்டுல அருவா வெக்காம படுக்க வெப்பியா நீ? போன பயணத்துல ஒன்னும் வெக்காம எறக்கனாங்க. கவுறு அறுந்து ஒரு ஆளுக்கு வெரலு போச்சு, தெரியுமா?"

"கவுறு பழசுண்ணே."

"கவுறு பழசு. காத்து கருப்பு புதுசா?"

உலகத்திலேயே இரும்பு இல்லாத ஒரே பொருளை நான் செய்தேன். அது இரும்பில்லாமல் தனியாகப் போகிறதே என்று பயந்து இவர் இரும்பு வைத்தார். பேய்க்குப் பயந்து வைத்த ஆணி, விஞ்ஞானிகளுக்குப் பேய் காட்டிவிட்டது.

கொஞ்ச நேரம் பின்னினார். பிறகு, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அந்தம்மாகிட்ட சொல்லிடுவியாடா?"

நான் அவர் கையைப் பார்த்தேன். என் காலரைப் பிடித்த கை. சொன்னால் அவர் கதை அத்தோடு முடியும். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், போகும்வரை ஒரு கூட்டமே சிரிக்கும். பேரைக் கேட்டாலே டெக் நடுங்கும் ஒரு மனிதரைக் காபி போடுகிறவன் பார்த்துச் சிரிப்பதை என்னால் பார்க்க முடியாது.

ஆணியை அவரிடமே கொடுத்துவிட்டு மேடத்திடம் போனேன். "சரியாயிடுச்சு மேடம். அந்தப் பக்கம் ஒரு எடத்துல பிசின் சரியா புடிக்கல. செதுக்கி எடுத்து, மூடிட்டேன். கழுவியும் ஆச்சு."

அவர் எழுத எடுத்த பென்சிலை நிறுத்தினார். "உங்க வேலையிலயா தனக்கோட்டி?"

"ஆமா மேடம். என் வேலையிலதான்."

"அப்படியே எழுதிக்கறேன்," என்றார். எழுதினார். அந்த வரிதான் கைமாறிக் கைமாறி இன்றைக்கு மேடையில் 'லோக்கல் டிஃபெக்ட்' ஆகி நிற்கிறது.

காலையில் கப்பல் திரும்புவதற்குமுன் கடைசியாக ஒரு தடவை இறக்கினோம். போசன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார், ஒருவரும் பேசவில்லை. கூண்டு போனது, வந்தது. அன்று மத்தியானம் மேடம் அறையிலிருந்து வெளியே வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பாட்டில்களில் இரும்பு இருந்ததாகச் சொல்லவே முடியாது, அவ்வளவு குறைவு. பட்டினிக் கடல் பட்டினியாகவே அகப்பட்டது.

போசன் கப்பலின் பின்பக்கம் போய் அந்த ஆணியைக் கடலில் விட்டெறிந்தார். "போ, அந்தக் கசத்துக்கே போய்ச் சேரு," என்றார், கோபித்துக்கொண்டு போகும் மருமகளிடம் சொல்வது போல.

அடுத்த சில நாட்களில் தீவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனோம். ஒரு காலையில் டெக்குக்கு வந்தால் கடல் வேறு கடலாக இருந்தது. பாகூர் ஏரி பாசி பிடித்த நிறம். வலையை இழுத்தால் சென்னாக்கூனி மாதிரிப் பொடிப் பூச்சிகள் கூழாக வந்தன. பறவைகள் கல்யாணப் பந்திக்கு வந்தவர்கள் மாதிரி அடித்துக்கொண்டன. தூரத்தில் திமிங்கிலம் மூச்சு விட்டது. ஒரு தீவு கசியவிடும் துளி இரும்புக்கு இவ்வளவு உயிர். நான் வாயடைத்து நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையையும் போசன் கெடுத்தார்.

"பாத்தியாடா? ஆணியப் போட்டேன், பச்சையாயிடுச்சு."

"அண்ணே, நீ போட்ட எடம் எங்க, இது எங்க? நடுவுல ஒரு தீவே கீது."

"தீவு எப்பவும்தான் கீது. ஆணி இப்பதான் போட்டேன்."

விழா முடிந்த மறுநாள் அரியாங்குப்பம் போனேன். போசன் இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். இடுப்பு போய்விட்டது, குரல் போகவில்லை. டாக்டர் மேடையில் சொன்னதைச் சொன்னேன்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடா? உன் வாயில ஆணியா அடிச்சிருந்தாங்க?"

"சொல்லியிருந்தா உன்ன எறக்கி விட்டிருப்பாங்கண்ணே."

டீவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தத்தைக் குறைத்தார். "அது எனக்குத் தெரியும்டா," என்றார். பிறகு, "இப்ப எங்கிருந்து எறக்குவானுங்க, இந்தக் கட்டில்ல இருந்தா? எழுது. என் பேரப் போட்டே எழுது. ஆனா ஆணி போட்டப்புறம்தான் கடல் பச்சையாச்சுன்னு அத்தயும் சேத்து எழுதணும்."

எழுதிவிட்டேன் அண்ணே. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இனி அந்த டாக்டருக்கும், அவருக்குக் கைதட்டியவர்களுக்கும். புதுக் கூண்டு வந்ததும் என் பழைய கூண்டைக் கிடங்குக்குப் பின்னால் மழையில் போட்டிருந்தீர்கள். கேட்டபோது, எடுத்துப் போ, இடமாவது காலியாகும் என்றீர்கள். குட்டியானை வண்டி பிடித்துக் கொண்டுவந்து, கழுவி, பாலித்தீன் உறைக்குள் என் வீட்டுப் பின்புறம் நிறுத்தியிருக்கிறேன். துணி காயப்போட இடம் இல்லை என்று என் சம்சாரம் தினமும் பாடுகிறாள். நீங்கள் அளக்கிற எந்திரத்தோடு வாருங்கள். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வெட்டி எடுத்து அளந்துகொள்ளுங்கள். நான் செய்ததில் ஒரு பொட்டு இரும்பு இருந்தால் நீங்கள் போட்ட சால்வையைத் திருப்பித் தருகிறேன். இல்லையென்றால், அந்தத் தீவைப் பற்றி நீங்கள் எங்கே எழுதினாலும், எந்தத் திரையில் காட்டினாலும், லோக்கல் என்று இருக்கும் இடத்தில் என் பெயரை எழுத வேண்டும்: கூண்டு செய்தவர் சோரியாங்குப்பம் தனக்கோட்டி, கூண்டில் குறை இல்லை.

வரும்போது மோதிரம், வாட்சு, பெல்ட்டு எல்லாவற்றையும் தெருவாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.